மூணு மூட்டை வேலாயி

"ஏ வேலாயி, கொழும்புக்குப் போறியா, இல்ல லயத்து வீட்டையே கழட்டி எடுத்துக்கிட்டுப் போறியா?"

ஹல்துமுல்லையில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கேட்ட தேயிலைத் தோட்டத் தலைவர் சிவஞானத்துக்கு அது போதும். நாலு பேர் சிரித்தால் மனுசனுக்குக் காலைச் சாப்பாடே வேண்டாம்.

 வேலாயியின் காலடியில் மூன்று மூட்டை. வாய் தைத்த உரச் சாக்கு ஒன்று. பழைய பெட்ஷீட்டில் கட்டிய பொட்டலம் ஒன்று. மூன்றாவது, ஜிப் பிய்ந்த பெரிய பை. அதற்குள்ளிருந்து ஒரு நாட்டுக்கோழி தலையை நீட்டி எல்லாரையும் முறைத்தது.

கொழும்பில் துணிக்கடை ஒன்றில் நிற்கிற மகன் துஷாந்தைப் பார்க்கப் போகிறாளாம். ஒரு பொடியனுக்கு இவ்வளவா!

தலைவரிடம் ஒரே ஒரு தோள்பை. அதில் ஒரு வேட்டி, ஒரு துவாய், ஒரு பிரஷ். பாதிப் பை வெறும் காற்று. கொழும்பில் கட்டிக்கொடுத்த மகள் விதுஷாவுக்குக் குழந்தை பிறந்து ஆறு நாள். முதல் பேத்தியைப் பார்க்கக் கிளம்பியிருக்கிறார். மனைவி இறந்து இரண்டு வருசம். அது வை, இது வை என்று சொல்ல வீட்டில் ஆளில்லை.

"பயணம்னா இப்படிப் போகணும்" என்று பையைத் தட்டிக் காட்டினார். "எல்லாம் கொழும்புல கெடைக்குது. எதுக்குச் சொமக்கணும்?"

இந்த விசயத்தில் தலைவர் படு கறார். தோட்டத்தில் ஒருத்தர் கொழும்புக்குப் போகிறார் என்று தெரிந்தால் தொலைந்தது. கடை வேலைக்குப் போன மகனுக்கு, வீட்டு வேலைக்குப் போன மகளுக்கு என்று லயமே பார்சலோடு வாசலில் வந்து நிற்கும். முந்தாநாளும் ஐந்தாறு பெண்கள் வந்தார்கள். வேலாயிதான் முன்னால் நின்றாள். தலைவர் அவர்களை வாயைத் திறக்கவே விடவில்லை.

"நான் என்ன லொறியா? யாரோட பார்சலும் எடுக்க மாட்டேன். போங்க, போங்க!"

கதவைச் சாத்திவிட்டார்.

பஸ் வந்தது. மூட்டைகளைப் பார்த்ததும் கண்டக்டர் முகத்தைச் சுளித்தான். வேலாயி ஒற்றை ஆளாய் மூன்றையும் ஏற்றினாள். தலைவர் கையைக் கட்டிக்கொண்டு "பாத்து, பாத்து" என்று மேற்பார்வை செய்தார்.

கடவுள் இருக்கிறார். இடமில்லாமல் உரச் சாக்கும் கோழியும் தலைவரின் சீட்டுக்குக் கீழேயே வந்து சேர்ந்தன.

பெலிஹுல் ஓயா தாண்டுவதற்குள் கோழி அவர் கெண்டைக்காலில் இரண்டு தடவை கொத்திவிட்டது.

"அடச்சீ! இந்தச் சாக்குல என்ன, ஒரே பூண்டு நாத்தம்? கொழும்புல பூண்டு இல்லையா?"

"இருக்குங்க தலைவரே."

"பொறவு எதுக்கு இந்தக் கூத்து?"

"வறுத்து இடிச்சுக் குடுக்க ஆள் வேணும்ல."

"இப்படிச் சொமந்து சொமந்தே நீ குள்ளமாப் போயிட்ட!"

பஸ் சிரித்தது. வேலாயியும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

கொழும்புப் புறக்கோட்டையில் மருமகன் தினுஷன் ஆட்டோவோடு காத்திருந்தான். தலைவர் ஒற்றைப் பையோடு ராசா மாதிரி ஏறி உட்கார்ந்தார். அடுத்த நிமிசம் அவர் மடியில் பெட்ஷீட் பொட்டலம் வந்து விழுந்தது. காலடியில் உரச் சாக்கு. பக்கத்தில் கோழி.

"ஏய், ஏய்! இது எங்க ஆட்டோ!"

"தெரியும் தலைவரே. இதெல்லாம் ஒங்க மக வீட்டுக்குத்தான்."

தலைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"சாக்குல புள்ளப் பெத்தவளுக்குப் பூண்டு, மிளகு, இடிச்ச சரக்கு. கோழி ரசத்துக்கு. பொட்டலத்துல புள்ளைக்கு விரிக்கப் பழைய சேலைங்க. முந்தாநாத்து அதக் குடுக்கத்தான் வந்தோம், நீங்க கதவச் சாத்திட்டீங்க. தாய் இருந்தா தாய் செய்வா. இல்லன்னா லயத்துல நாங்க எதுக்கு இருக்கோம்?"

"அதெல்லாம்... கொழும்புல..." தலைவர் இழுத்தார்.

"நைஞ்சுபோன சேலைய எந்தக் கடையில விக்கிறான்?"

பொட்டலத்தின் முடிச்சை அவிழ்த்து, மேலே இருந்த நீலச் சேலையை அவர் கையில் வைத்தாள். தலைவருக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. மனைவியின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கையோடு, வீட்டில் அடைசல் குறையட்டும் என்று அவரே லயத்துக்கு அள்ளிக் கொடுத்த சேலைகளில் ஒன்று.

"சந்திராக்கா சேலை. நான் கட்டல தலைவரே. பேரப்புள்ளைக்குத் தொட்டில் கட்ட ஆகும்னு எடுத்து வச்சேன்."

 தலைவருக்கு அழுகை ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். சேலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். கோழி மறுபடியும் கொத்தியது. இந்தத் தடவை அவர் காலை இழுக்கவில்லை.

தினுஷன் ஆட்டோவைக் கிளப்பப் போனான்.

"நில்லு மாப்ள!" தலைவர் தலையை வெளியே நீட்டினார். "வேலாயி, துஷாந்துக்குக் கொண்டாந்தத மறந்து இதுலயே வச்சிட்டுப் போயிடாத. அது எங்க?"

வேலாயி கையிலிருந்த சின்னச் சீலைப் பையை விரித்துக் காட்டினாள். உள்ளே மாற்றுச் சேலை ஒன்றும் சீப்பு ஒன்றும் இருந்தன.

"மூணுக்கு மேல தூக்க முடியல. அவனுக்கென்ன தலைவரே, எல்லாம் கொழும்புல கெடைக்குது."