வயர் வைத்த போன்

கடை அலமாரியில் அன்று மூன்று பேர்: வயரில்லாத வெள்ளை போன், வயர் வைத்த சிவப்பு, கறுப்பு போன்கள். சிவப்புக்கு ஒரு லைன், கறுப்புக்கு இரண்டு. அன்று விற்காதது காயலான் கடைக்கு என்று முதலாளி சொல்லிவிட்டதால் கறுப்புக்கு உள்ளூர உதறல்.

"கட்டிப்போட்ட கன்னுக்குட்டியை எவன்டே வாங்குவான்? நான் வீடெல்லாம் சுத்துவேன்" என்று சீண்டியது வெள்ளை.

வீட்டிலேயே அலுவலகம் வைத்திருக்கும் வக்கீல் மங்களவல்லி வந்தாள்.

"வெள்ளை வேண்டாம் அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரர் பேசிக்கிட்டே மொட்டைமாடிக்குக் கொண்டு போயிருவார். மேசையை விட்டு நகராம இருக்கணும். கட்சிக்காரங்களுக்கு ஒரு லைன், வீட்டுக்கு ஒரு லைன்."

கறுப்பு நிமிர்ந்து பைக்குள் ஏறியது.

வெள்ளை சிவப்பின் பக்கம் மெல்லச் சாய்ந்தது. "அண்ணே, உங்க வயர்ல பாதி தாங்களேன்."

அலமாரியில் மிச்சம் இரண்டு போன், ஒரு வயர்.