வேம்புவின் புகார்கள்

"அந்த வேம்பு எழுதறதையெல்லாம் தூக்கிக் குப்பையில போடு பூர்ணிமா. நமக்கு மூணு மாசம்தான் இருக்குது" என்றான் தர்மராஜ்.

பூர்ணிமா அடுத்த புகாரைத் திறந்தாள்.

விருத்தாசலத்தில், பீங்கான் தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையில், ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் இருந்தது அவர்களுடைய கம்பெனி. பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்த இருவரும் சேர்ந்து, புரோகிராம் எழுதப் பழகுகிறவர்களுக்காக 'சல்லடை' என்றொரு மென்பொருளைச் செய்திருந்தார்கள். எழுதியதில் எங்கே தப்பு இருக்கிறது என்று அது தமிழில் எடுத்துச் சொல்லும். இரண்டு பதிப்புகள் வந்துவிட்டன. மூன்றாவதை நம்பித்தான் கம்பெனியே இருந்தது. இன்னும் மூன்று மாதத்தில் பதினோரு கல்லூரிகள் சேர்ந்து, தங்கள் மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே கருவியைத் தேர்ந்தெடுக்கப் போகின்றன. போட்டிக்கு நிற்பது சென்னையிலிருக்கும் ஒரு பெரிய கம்பெனி.

அந்தச் சென்னைக் கம்பெனியின் கருவி பார்க்கப் பளபளவென்று இருக்கும். திரையின் ஓரத்தில் ஒரு பொம்மை முகம் வந்து பேசும். நாமும் அப்படி ஒன்றை வைத்துவிட வேண்டும் என்பது தர்மராஜின் கட்சி. பூர்ணிமாவோ, மூன்றாம் பதிப்பில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பயன்படுத்துகிறவர்களே சொல்லட்டும் என்றாள். வந்திருந்த கருத்துகளையெல்லாம் பிரித்துப் பார்த்தால், பாதிக்கு மேல் ஒரே ஆள் எழுதியவை. வேம்பு.

இரண்டு வருடமாக வாரம் தவறாமல் வருகிற அந்த மின்னஞ்சல்களில் பேருக்கு ஒரு பாராட்டுகூடக் கிடையாது. 'நாப்பதாவது வரியில தப்புன்னு சொல்லுது. போய்ப் பார்த்தா தப்பு பன்னண்டாவது வரியில இருக்குது. படிக்கிற புள்ளைங்க பாவம் இல்லீங்களா?' என்று ஒன்று. நெட் இல்லாவிட்டால் உங்கள் சல்லடை ஏன் சண்டித்தனம் பண்ணுகிறது என்று இன்னொன்று. கரண்டு போனால் எழுதினது அத்தனையும் போய்விடுகிறதே என்று மட்டும் நாலு தடவை. நீங்கள் யார், எந்த ஊர் என்று பூர்ணிமா ஒருமுறை கேட்டு எழுதினாள். அதற்குப் பதிலாக வந்ததும் ஒரு புகார்தான்.

"யாரோ வேலைவெட்டி இல்லாத பையன்" என்றான் தர்மராஜ்.

"இருக்கட்டும். அவன் எழுதினதுல எதுனா ஒண்ணு பொய்யா? நீயே சொல்லு."

தர்மராஜ் ஒவ்வொரு புகாராகச் சோதித்துப் பார்த்தான்; அத்தனையும் உண்மை. பொம்மை முகத்தை அன்றோடு கைவிட்டார்கள். மூன்று மாதமும் அந்தப் புகார்களோடுதான் மல்லுக்கட்டு. கரண்டு சமாச்சாரம் மட்டும் தர்மராஜைப் பதினெட்டு நாள் வாட்டி எடுத்தது. வேம்புவை வைதுகொண்டேதான் அதை முடித்தான்.

கருவியைத் தேர்ந்தெடுக்கும் நாளன்று ஒரு கல்லூரி அரங்கின் முன்வரிசையில் பதினோரு கல்லூரி முதல்வர்களும் உட்கார்ந்திருந்தார்கள். சென்னைக் கம்பெனியிலிருந்து ஆறு பேர் வந்திருந்தார்கள். கருவிகள் பிரிவுக்குத் தலைவி என்று கனகாவை அறிமுகப்படுத்தினார்கள். ஐம்பது வயதிருக்கும். கறாரான முகம். அவர்களுடைய பொம்மை முகம் பேசியதும் அரங்கமே கைதட்டியது.

அடுத்து இவர்கள் முறை. ஒருவர் கருவியைப் பற்றி மற்றவர் கேள்வி கேட்கலாம் என்று விதி வைத்திருந்தார்கள். பூர்ணிமா பேசி முடித்ததும் கனகா எழுந்தார்.

"பிழை எந்த வரியில் தொடங்குகிறது என்று உங்கள் கருவி சரியாகக் காட்டுமா?"

பூர்ணிமா காட்டினாள். இணைய இணைப்பைத் துண்டிக்கச் சொன்னார். துண்டித்தார்கள்; சல்லடை நிற்காமல் ஓடியது. கனகா அதோடு விடவில்லை. புதிதாகப் பத்து வரி எழுதச் சொல்லிவிட்டு மேடைக்கே ஏறி வந்தார். பூர்ணிமா கடைசி எழுத்தைத் தட்டியதுமே கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினார்.

தர்மராஜ் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

மறுபடி பிளக்கைச் செருகி இயக்கியதும், பத்து வரியும் ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் திரையில் வந்து நின்றன.

முன்வரிசையிலிருந்த ஒரு முதல்வர், இதெல்லாம் உங்கள் கருவியில் உண்டா என்று கனகாவைக் கேட்டார்.

"இல்லை" என்று சொல்லிவிட்டு அவர் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

அரை மணி நேரத்தில் முடிவு வந்துவிட்டது. பதினோரு கல்லூரிக்கும் சல்லடைதான். தர்மராஜ் பூர்ணிமாவின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தான். அந்த வேம்பு எந்த ஊரில் இருந்தாலும் தேடிப் பிடித்து ஒரு மாலை போட வேண்டும் என்றான். அவன் கண் கலங்கியிருந்ததைப் பூர்ணிமா பார்க்காதது போல இருந்துவிட்டாள்.

கூட்டம் கலையும்போது கனகா நேராக அவர்களிடம் வந்தார். தோற்ற கோபத்தில் ஏதாவது சொல்லப்போகிறார் என்று பூர்ணிமாவுக்குப் பட்டது. நாமே முந்திக்கொள்வோம் என்று, "மேடம், எங்க மேல வருத்தம் எதுவும் இல்லையே?" என்றாள்.

"வருத்தமா?" அவருடைய மேடைத் தமிழ் எங்கேயோ போயிருந்தது. "இதையெல்லாம் செய்யுங்கன்னு எங்க கம்பெனியில அஞ்சு வருசமா சொல்லிக்கிட்டு இருந்தேம்மா, ஒருத்தரும் காதுல போட்டுக்கல. நீங்க ரெண்டு பேருதான் கேட்டீங்க. எனக்குப் பொறந்த ஊரு, விருத்தாசலத்துக்குப் பக்கத்துல நம்ம பெண்ணாடம்தான். வூட்டுல என்னை வேம்புன்னுதான் கூப்புடுவாங்க."