ஆறு கட்டச் சிரிப்பு

பழைய நூலகம் ஒன்றில், தடித்த புத்தகத்தின் நடுவே ஒரு பக்கப் படக்கதை இருந்தது. அதில் குடியிருந்தவள் கிரேக்கர்களின் காதல் தேவதை அப்ரோடைட்டி. யார் அந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அவள் கடல் நுரையிலிருந்து எழுந்து, சண்டைபோட்ட காதலர்களைச் சேர்த்துவைக்க வேண்டும். ஓவியர் ஆறு கட்டங்களிலும் அவளைச் சிரிக்கவே வைத்திருந்தார். முப்பது வருஷத்தில் அவள் தாடை வலியெடுத்துப்போனது.

ஒருநாள் புத்தகப் பூச்சி ஒன்று வந்தது.

“முதலில் என் வாயைத் தின்றுவிடேன்” என்று கெஞ்சினாள்.

“மை கசக்கும், தாயே. எனக்குப் பசைதான் பிடிக்கும்” என்று பூச்சி புத்தகத்தின் முதுகுப்பக்கம் போய்விட்டது.

அது பசையைத் தின்னத் தின்ன, அவளுடைய தாள் கழன்று அலமாரிக்கு அடியில் குப்புற விழுந்தது. அவள் தோளில் வரைந்திருந்த புறா பதறியது.

“ஐயோ தேவி, இனி நம்மை யாருமே பார்க்க மாட்டார்களே!”

அவள் தரையைப் பார்த்தபடி, ஒவ்வொரு கட்டமாக உதட்டோரங்களைத் தளர்த்திக்கொண்டிருந்தாள்.

“அழுகிறீர்களா?” என்றது புறா.

“இல்லையப்பா. முகத்தை இறக்கிவைக்கிறேன். கொஞ்சம் சும்மா இரு.”