கட்டிலை விட்டு இறங்கியவள்

"எறங்காதன்னு நர்ஸம்மா சொன்னாங்களா, இல்லியா?"

குமரேசன் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.

"சொன்னாங்கதான் நைனா" என்றாள் அவன் அம்மா கோவிந்தம்மாள்.

"அப்புறம் இன்னாத்துக்கும்மா எறங்கின?"

"பாத்ரூம் போலாம்னு... காலு வழுக்கிடுச்சு. எலும்புல இன்னொரு விரிசலாம். ரெண்டு மூணு மாசம் கூட படுத்துகினு இருந்தா கூடிடுமாம்."

வரப்பில் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டவள். திருத்தணியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நேற்றுதான் ஆபரேஷன் செய்து எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். மாடு கறக்க அவன் ஊருக்கு, கனகம்மாசத்திரத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் இந்தக் கூத்து.

"டாக்டரம்மா சரி பண்ணிக் கொடுத்த காலை நீயே கெடுத்துகினியே! ஒரு நாள் சொன்ன பேச்சு கேட்டுக் கெடக்க முடியலியா ஒனக்கு?"

வீட்டுக்கு வந்த பிறகும் அவன் விடவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம், "ஆஸ்பத்திரியில நல்லாத்தான் செஞ்சாங்க. இதுதான் அடங்காம எறங்கி விழுந்து வெச்சிது" என்பான்.

"ஆங், என் தப்புதான்" என்பாள் கோவிந்தம்மாள்.

"போதும், வுடுங்களேன். வயசானவங்க" என்று பிரேமா குறுக்கே வந்தால், பொண்டாட்டிக்கும் சேர்த்து விழும்.

ஆடிக்கிருத்திகை வந்தது. மலைக்கு நடக்கிற காவடிக் கூட்டம் மேளத்தோடு ரோட்டில் போய்க்கொண்டே இருந்தது. வருஷம் தவறாமல் அந்தக் கூட்டத்தோடு நடந்தவள், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"இப்ப அழுது இன்னா பண்றது? நீயா தேடிகினதுதானே" என்றான் குமரேசன்.

ஐப்பசி பிறந்ததும் கைத்தடியோடு நடக்க ஆரம்பித்தாள். கடைசியாக ஒரு தடவை காட்டிவிட்டு வர அழைத்துப் போனான்.

டாக்டர் தேவிப்பிரியா சின்ன வயசுக்காரி. கோவிந்தம்மாளை நடக்க வைத்துப் பார்த்துவிட்டு வெளியே உட்காரச் சொன்னாள். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து அவனுக்குக் காட்டினாள்.

"எலும்பு நல்லா கூடியிருக்கு. உங்களுக்குத்தான் நான் நன்றி சொல்லணும் சார்."

"எனக்கு எதுக்கும்மா?"

"கம்பியை உள்ள அடிச்சு எறக்கும்போது என் கையாலதான் அந்த விரிசல் விட்டுச்சு. வயசானவங்க எலும்பு, சில பேருக்கு இப்படி ஆயிடுது. மறுநாள் எக்ஸ்ரே பார்த்துட்டு, அம்மாகிட்ட நேரா போய் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். நீங்க ஊருக்குப் போயிருந்தீங்க. வந்ததும் உங்ககிட்டயும் சொல்ல இருந்தேன். 'என் பையன்கிட்ட நானே பக்குவமா சொல்லிக்கிறேன், நீ கவலப்படாத'ன்னாங்க. வேற யாரா இருந்தா இங்க பெரிய ரகளையே நடந்திருக்கும். நீங்க ஒரு வார்த்தை கேக்கலியே!"

குமரேசன் தலையை மட்டும் எப்படியோ ஆட்டிவிட்டு வெளியே வந்தான்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முன்னால், நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல், தரையில் குந்தினான்.

"நீ கட்டில்லேர்ந்து எறங்கவே இல்லியாம்மா?"

"சொல்லிட்டாங்களா?"

"இத்தினி மாசமா நான் கத்தினதெல்லாம் கேட்டுகினு கெடந்தியே... ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

கோவிந்தம்மாள் அவன் தலைமேல் கையை வைத்தாள்.

"எங்கிட்ட சொல்லும்போதே அந்தப் பொண்ணு கண்ணு கலங்கிடுச்சு. உங்கிட்ட திட்டு வாங்கி எனக்குப் பழக்கம் நைனா. அதுக்கு ஏது பழக்கம்?"