சம்பந்தி மரியாதை

"இவருக்குக் கிட்னியில் கோளாறு ஏதாவது உண்டா?" என்று இந்தியில் கேட்டார் டாக்டர்.

அம்சவேணி திரும்பிப் பார்த்தாள். சம்பந்தியாகப் போகிற இராஜமாணிக்கம் பின்னாலேயே நின்றிருந்தார். அவர் மகனுக்கும் அவள் மகளுக்கும் கல்யாணத் தேதி பேச அவர் கிட்வாய் நகர் வீட்டுக்கு வந்திருந்தபோதுதான் அவள் கணவர் கலியமூர்த்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். இராஜமாணிக்கத்தின் காரில்தான் ஆஸ்பத்திரிக்கு வந்ததே. கலியமூர்த்திக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை.

"நஹி டாக்டர் சாப், குச் நஹி" என்றாள், ஒன்றும் இல்லை என்று.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை முடி என்பார்கள். அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அப்பாவுக்குக் கிட்னி பழுது என்று காதில் விழுந்ததுமே, போன வருஷம் வந்த புசா ரோடு வரன், 'நாளைக்குப் பெண்ணுக்கும் வரும்' என்று கை கழுவிவிட்டுப் போயிற்று. மறுபடியும் அந்த அவமானம் வேண்டாம். சம்பந்தி தலை மறைந்ததும் டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டால் ஆயிற்று.

மனுஷர் நகர்ந்தால்தானே.

"நீங்க வீட்டுக்குப் போங்க. நான் பாத்துக்கறேன்."

"உங்களைத் தனியா விட்டுட்டா? நல்லா சொன்னீங்க."

"ஒரு டீயாவது குடிச்சுட்டு வாங்க."

அவர் "பையா, தோ சாய்" என்று குரல் கொடுத்து, இரண்டு டீயை வராந்தாவுக்கே வரவழைத்துவிட்டார்.

அம்சவேணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மோப்பம் பிடிக்கத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தாள். நர்ஸ் ஊசியோடு உள்ளே போகும்போதெல்லாம் சொல்லிவிட எழுந்தாள். அவர் இருப்பதைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தாள்.

இராத்திரி முழுக்க அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. மறுநாள் காலையில்தான் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டர் கோபமாக வந்தார்.

"முன்னாலேயே தெரிந்திருந்தால் மருந்தைக் குறைத்திருப்பேன். கெட்டுப்போன கிட்னியால் அதை வெளியேற்ற முடியவில்லை. உடம்பில் தங்கி விஷமாகிவிட்டது. ஏனம்மா மறைத்தீர்கள்?"

மத்தியானம் கலியமூர்த்தி போய்விட்டார்.

அம்சவேணி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"நான்தான் கொன்னுட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சா சம்பந்தம் நின்னுடும்னு பயந்து மறைச்சேன்."

இராஜமாணிக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே அவர் எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாரும்மா. அதனால என்ன, கல்யாணம் நடக்கும்னு நானும் சொல்லிட்டேன். எங்கிட்ட சொன்னது தெரிஞ்சா நீங்க சத்தம் போடுவீங்கன்னு உங்ககிட்ட சொல்லாம விட்டிருக்கார்."

அவள் அழுகை நின்றது.

"அப்போ, டாக்டர் கேட்டப்ப நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"நின்னேன். நீங்க இல்லைன்னுட்டீங்க. சம்பந்தியம்மா வாயால சொன்னதை நாலு பேர் முன்னால நான் பொய்யின்னு சொன்னா, மரியாதையா இருக்குமா?"