உச்சி வெயில் விமானம்

"அண்ணாச்சி, மாப்பிள்ளை வீட்டுக்காரவுக கெளம்பிட்டாக. நேரா ஒங்க வீட்டுக்குத்தான் வாராக."

அவ்வளவுதான் பேச்சு. நிஜாம் போனை வைத்தான். விஸ்வநத்தத்தில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவனுக்கும் பெண் பிள்ளை கிடையாது, அந்தப் பக்கம் போனை எடுத்த வெள்ளைத்துரைக்கும் கிடையாது.

வெள்ளைத்துரை ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் என்பது வானத்தில் வரும் ஆளில்லாத குட்டி விமானம். பட்டாசு ஆலைகளில் விதிமீறல் நடந்தால் படம் பிடிப்பதற்காக, பொறியியல் கல்லூரி வாத்தியார் லட்சுமிகாந்தம் தன் மாணவர்களை வைத்து ரிமோட்டில் பறக்கவிட்டது. 2008 தீபாவளி சீசன் அப்போது.

அதன் கேமரா அனுப்பும் படம் நிஜாமின் கடை டி.வி.யில் தற்செயலாகத்தான் வந்து விழுந்தது. பழைய டிஷ் ரிசீவர் ஒன்றை நோண்டிக்கொண்டிருந்தான், கம்பெனிக் கூரைகள் தெரிந்தன. பூட்டில்லாத வீடு மாதிரி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று கிடந்தது அந்தப் படம்.

சும்மா இருக்காமல் அதை வெள்ளைத்துரையிடம் போய்ச் சொன்னான். அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கம்பெனிக்கு சீல் வைத்தால் அறுபது வீட்டில் உலை கொதிக்காது, விமானம் வரும்போது ஒரு போன் மட்டும் போடு என்றார். இரண்டு மாதமாக நிஜாம் போன் போட்டுக்கொண்டிருக்கிறான்.

நாலு பேர் மட்டும் இருக்க வேண்டிய வெடிமருந்து அறையில் சீசனுக்குப் பதினாலு பேர் இருப்பார்கள். போன் வந்ததும் பத்துப் பேர் பின்வாசல் வழியாகக் கருவேல முள் அடர்ந்த வேலிக்காட்டுக்குள் ஓடி ஒளிவார்கள். பன்னிரண்டு மணிக்கு வரும் விமானம், இறங்கி பேட்டரி மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வந்து, இரண்டு மணிக்குத்தான் ஓயும்.

விமானம் ஓட்டுகிறவருக்குக் கை பழகவில்லை என்றுதான் நிஜாம் நினைத்தான். உள்ளே வராமல் கம்பெனி போர்டையே ஐந்து நிமிடம் சுற்றும். கடையில் உட்கார்ந்தபடி ஓர் எழுத்து விடாமல் வாசித்துவிடலாம்.

நேற்று விமானம் திரும்புகிற சமயத்தில், ஒளிந்திருந்த பெண்கள் முள்ளைத் தட்டிக்கொண்டு மறுபடி அந்த அறைக்குள் நுழைவது டி.வி.யில் தெரிந்தது. கடைசியாகப் போனவள் பக்கத்து வீட்டு இருளம்மாளின் மகள் மாரிசெல்வி. தினமும் காலையில் "வாரேண்ணே" என்று சொல்லிவிட்டுக் கம்பெனி வண்டியில் ஏறுகிறவள்.

நிஜாம் டி.வி.யை அணைத்தான். ஒரு தடவை கையும் களவுமாகப் பிடிபட்டிருந்தால் அந்தக் கூட்டம் கலைந்திருக்கும். பிடிபடாமல் காப்பாற்றியது அவன். நாளைக்கு அந்த அறையில் ஒரு பொறி விழுந்தால், கதவைச் சாத்தியவன் தானேதான் என்று மனசு குத்தியது.

இன்று காலை பதினோரு மணிக்கே கடையைப் பூட்டினான். வெள்ளைத்துரை கூப்பிட்டால் மனசு இளகிவிடும் என்று செல்போனை அணைத்தான். பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போனபோது, வாசலில் மாணவர்கள் விமானத்தை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

லட்சுமிகாந்தத்தின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல், தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான்.

"படத்தைப் பூட்டிருங்க சார். இனிமே நானே நெனச்சாலும் பாக்க முடியக் கூடாது."

அவர் கோபப்படவில்லை. மேஜை டிராயரைத் திறந்து தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை எடுத்து வைத்தார். அதை மாட்டினால் வேறு எந்த டி.வி.யிலும் படம் விளங்காதாம். போன மாதமே வாங்கியதாம்.

"வாங்குனேன், மாட்டலை. அந்த ரூமைப் படம் பிடிச்சு எட்டு மனு போட்டேன். ஒரு ஆளு வந்து பாக்கலை. ஆனா யாரோ படத்தைப் பாத்துத் துப்பு குடுக்காங்க, ஜனம் வெளிய ஓடுதுன்னு மட்டும் தெரிஞ்சுச்சு. மருந்து சூடேறுறது உச்சி வெயில்லதான். அந்த ரெண்டு மணி நேரம் பத்து உசுராவது வேலிக்காட்டுல கெடக்கட்டும்னுதான் தெனமும் போர்டைக் காட்டிப் பறக்க விடுறேன்."

நிஜாமுக்கு இரண்டு மாதப் பாரம் ஒரே மூச்சில் இறங்கியது. சிரிப்புகூட வந்தது.

லட்சுமிகாந்தம் சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு தாண்டிப் பத்து நிமிடம். அவன் கையில் அணைந்து கிடந்த செல்போனைப் பார்த்தார்.

"இப்ப ஒங்க கடையில யாரு டி.வி. பாக்குறா?"