அந்த ஆள் வீட்டுப் பாட்டு

"அந்த ஆள் வீட்டு வாசலை என் பொண்ணு மிதிக்கக் கூடாது. சொல்லிட்டேன்!"

பேடா இனிப்புக்குப் பால் கிளறிக்கொண்டிருந்த கரண்டியால் ஈரப்பா சட்டியை ஓங்கி ஓர் அடி அடித்தான். கடையின் பின்கட்டே அதிர்ந்தது. புதுப் பாவாடை கட்டிக்கொண்டு நின்ற ஆறு வயது சிவலீலா, அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

நீலம்மா நகரவில்லை. "பாட்டுக்குப் பேர்போன தார்வாடுல பொறந்த குழந்தை. பாட்டு கத்துக்காம, பேடா உருட்டணுமா?"

"உருட்டட்டும். பேடா யாரையும் திட்டாது."

"ரகோத்தம புவா எவ்வளவு பெரிய பாட்டு வாத்தியார்! அவர்கிட்ட இடம் கிடைக்காதான்னு எத்தனை பேர் தவிக்கிறாங்க. நம்ம குழந்தையைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கார். உங்களுக்கு என்ன வந்தது?"

"பெரிய ஆளு! மாசக்கணக்கா ஒரே சுரத்தைப் பாடவச்சே குழந்தையைப் பிழிஞ்சு எடுப்பான். உயிரையே கொடுத்துப் பாடினாலும் ஒரு நல்ல வார்த்தை வராது. கடைசியில ஒருநாள், இனி வராதேன்னு கதவைச் சாத்துவான்."

"இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?"

"ஊரே சொல்லுது."

"என் காதுல மட்டும் விழலையே!"

நீலம்மா கதக் ஊரிலிருந்து இந்த வீட்டுக்கு வாழ வந்தவள். கல்யாணம் ஆனதிலிருந்து பார்க்கிறாள், பாட்டு என்றாலே இந்த மனுஷனுக்கு ஆகாது. கடையில் யாராவது ரேடியோவைத் திருப்பினால்கூட எரிந்து விழுவான். அதற்காகக் குழந்தையின் தொண்டையையும் கட்டிப்போட முடியுமா?

ஒரு தேங்காயைப் பையில் போட்டாள். கூடவே பேடாப் பொட்டலம் ஒன்றையும் எடுத்தாள். ஈரப்பா அதைப் பிடுங்கினான்.

"இது எதுக்கு? அந்த ஆளு இனிப்பே தொடமாட்டான்."

"ஓ! இதுதான் கோபமா? நம்ம கடைப் பக்கம் வராத ஒரே மனுஷன்!"

"வாயை மூடு!"

அவள் மூடவில்லை. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். ஈரப்பா கடைப் பையனிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் பின்னாலேயே வந்தான். வழி முழுக்கத் திட்டு.

புவா வீட்டு இரும்புக் கேட்டருகில் அவன் கால்கள் நின்றுவிட்டன.

"வந்ததுதான் வந்தீங்க, உள்ளே வாங்களேன்," என்றாள் நீலம்மா.

"நான் எதுக்கு? இங்கேயே நிக்கிறேன். இவ அழற சத்தம் கேட்டுச்சு, அப்படியே தூக்கிட்டுப் போயிடுவேன். அதுக்கப்புறம் பாட்டுன்னு யாரும் பேசக் கூடாது."

"அழமாட்டா," என்று சொல்லிவிட்டாள். குழந்தையை முன்னால் விட்டு உள்ளே போனாள்.

சற்று நேரத்தில் தம்பூரா ஒலித்தது. கூடவே கிழக்குரல் ஒன்று அதட்டியது: "வாயைத் திற! பூனைக்குட்டியா நீ?"

வெளியே ஈரப்பா கேட்டின் கம்பியை இறுக்கிப் பிடித்தான். குழந்தை அழவில்லை. "ஸா..." என்றாள். நடுங்கியது. மறுபடியும் "ஸா..." இந்த முறை குரல் அசையாமல் நிலைத்து நின்றது.

தேங்காய் மூடியும் நெற்றியில் குங்குமமுமாக இருவரும் வெளியே வந்தபோது, ஈரப்பாவின் முகம் இன்னும் சிவந்திருந்தது.

"நாளைக்கு விடியறதுக்கு முன்னாடியே வரச் சொன்னார்," என்றாள் நீலம்மா.

"நாளையும் இல்ல, நாளை மறுநாளும் இல்ல. இன்னிக்கோட சரி. நட வீட்டுக்கு!"

நீலம்மாவின் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து, கீரைக் கூடையோடு வந்த கல்லவ்வா குழந்தையின் கன்னத்தைத் தட்டினாள்.

"யாருடி இது, பெரிய பாட்டுக்காரியா! யார்கிட்ட கத்துக்கிறே?"

"ரகோத்தம புவாகிட்ட!" என்று கத்தினாள் சிவலீலா.

"ஏய்!"

ஈரப்பா போட்ட சத்தத்தில் கல்லவ்வாவின் கூடை சரிந்தது.

"கூட விளையாடுற பசங்க பேரா அது? வாய்க்கு வந்தபடி சொல்றே? நாளைக்குக் காலையில அவர் முன்னால போய் உட்கார்ந்துக்கிட்டும் இப்படித்தான் சொல்லுவியா? சரியாச் சொல்லு! ரகோத்தம புவா!"

அந்தப் பெயரை அவன் சொல்லி நீலம்மா கேட்பது இதுதான் முதல் முறை. சொன்ன அந்தக் கணமே, பால் காய்ந்து ஒட்டியிருந்த அவனுடைய வலது கை தானாக எழுந்து காது மடலைத் தொட்டிருந்தது.

தார்வாடில் புவாவின் பாட்டைக் கேட்கிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அவர் பெயரைச் சொன்னதும் காதைத் தொட்டுக்கொள்கிறவர்கள், அவர் காலடியில் உட்கார்ந்து படித்த மாணவர்கள் மட்டும்தான்.